இறால் ஓட்டின் மேல் நடக்கும் சண்டை

கேள்வி: காசிமேட்டில் இறால் உரிக்கும் வேலை செய்கிறேன். ஒரு கிருமி இன்னொரு கிருமியைக் கொல்ல விஷப் புரதம் செய்யும் என்று கல்லூரியில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். நாங்கள் கையாளும் இறாலிலும் அப்படி நடக்குமா? அந்த விஷம் எங்கள் கையை ஏதாவது செய்யுமா?
– ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: உங்கள் மகள் சொல்வது சரிதான் அம்மா. ஒரு ஈ.கோலை பாக்டீரியா வெளியிடும் பொருள் இன்னொரு ஈ.கோலையைக் கொல்வதை 1925-லேயே பெல்ஜியத்தின் ஆந்த்ரே கிராசியா கண்டார். பின்னாளில் அந்தப் புரதத்துக்குக் கோலிசின் என்று பெயர் வந்தது.

இறால் ஓட்டில் நடப்பது இன்னும் நெருங்கி நின்று போடும் சண்டை. கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம் போன்ற உப்புத் தண்ணீர்தான் விப்ரியோ காலரே என்ற காலரா கிருமிக்குப் பிடித்த இடம். இறால், நண்டு ஓடுகளில் உள்ள கைட்டினைத் தின்றே அது பிழைத்துக்கொள்ளும். ஓட்டில் ஒட்டிக் கூட்டம் பெருகியதும் அதன் உடலுக்குள் புரதத்தால் ஆன ஓர் ஈட்டி தயாராகிறது. அதைச் சுற்றியுள்ள உறை சட்டென்று சுருங்க, ஈட்டி பக்கத்துக் கிருமிக்குள் பாய்கிறது. அது சுமந்து செல்லும் விஷங்களில் ஒன்று செல்சுவரை அறுக்கும். இன்னொன்று சவ்வில் துளை போடும். தன் இனத்துக்கு அடி விழாமலிருக்க, ஒவ்வொரு விஷத்துக்கும் ஒரு முறிவுப் புரதத்தையும் அது கூடவே செய்து வைத்துக்கொள்கிறது. அந்த முறிவு இல்லாத அயல் கிருமி சிதைந்து போகும்.

அடுத்து நடப்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. செத்ததிலிருந்து சிந்தும் டி.என்.ஏ.வைக் கொன்ற கிருமி உள்ளே இழுத்துக்கொள்கிறது. கொல்வதையும் கவர்வதையும் கைட்டின் ஒருசேரத் தூண்டுகிறது என்று சுவிட்சர்லாந்தின் மெலானி பிளோகெஷ் குழு 2015-இல் காட்டியது.

இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. 1992 அக்டோபரில், அன்றைய மெட்ராஸில், ஒரு புதிய காலரா தலைகாட்டியது. வகை பிரித்தறியும் 138 சீரங்களில் எதற்கும் அது பிடிபடவில்லை. ஓ139 என்று பெயரிட்டார்கள். பழைய ஓ1 காலராவால் கிடைத்த எதிர்ப்பு சக்தி இதனிடம் எடுபடவில்லை. வங்கதேசம் வரை பரவியது. ஓ1 கிருமியே மேற்பரப்புக்கான மரபணுக்களை வேறொரு கிருமியிடமிருந்து பெற்று இப்படி மாறியிருந்தது. கைட்டின் மேல் வளரும் ஓ1, அருகிலுள்ள ஓ139-இன் டி.என்.ஏ.வை எடுத்துக்கொண்டு தானும் ஓ139 ஆகிவிடும் என்று 2007-இல் பிளோகெஷும் கேரி ஸ்கூல்னிக்கும் ஆய்வகத்தில் செய்து காட்டினார்கள்.

உங்கள் கைக்கு வருவோம். செல்சுவரை அறுக்கும் புரதம் நம் தோலை ஒன்றும் செய்யாது. நம் செல்களுக்கு அந்தச் சுவரே கிடையாது. கவலைப்பட வேண்டியது கிருமியைப் பற்றித்தான். இறால் கொம்பு குத்திய காயம் வழியே விப்ரியோ வல்னிஃபிகஸ் என்ற இதன் உறவுக் கிருமி புகலாம். கல்லீரல் நோய், சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குத்தினால் உடனே சோப்பு போட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். காயம் சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். இறால் உரிக்கும் வேலை என்பதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.