'யூவி' எண்டு போட்டா போதுமா?

இந்த வாரப் பாடம்: யூவி எல்.ஈ.டி ஸ்ட்ரிப். டான்ஸ் ஷோ, பேர்த்டே பார்ட்டி, பேஸ்மென்ட் கேமிங் ரூம் எண்டு இதை வாங்க நினைக்கிறீங்களா? பெட்டியில 'யூவி' எண்டு இருக்கிறதை விட்டுட்டு, நான் முதல்ல ரெண்டு எண்களைத்தான் பார்ப்பன்.

முதல் எண்: நானோமீட்டர்

405 எண்டால் அது பெரும்பாலும் வெறும் ஊதா வெளிச்சம். 395 அறையைக் கொஞ்சம் ஊதாவாக்கும், ஆனால் நியான் பெயின்ட் நல்லா மின்னும், விலையும் குறைவு. 365இல் ஊதா மிகக் குறைவு. மின்னுற பொருள் மட்டும் எடுப்பாத் தெரியும், விலை கூட. பார்ட்டிக்கு 395 காணும்.

வெள்ளைச் சட்டை ஏன் மின்னுது? சலவைப் பவுடரில் இருக்கிற ஒரு ரசாயனம் யூவியை உறிஞ்சி, நீல ஒளியாகத் திருப்பித் தருது.

இரண்டாவது எண்: வாட்

கணக்கு லேசு. மீட்டருக்கு 14.4 வாட், நீளம் 5 மீட்டர் எண்டால் மொத்தம் 72 வாட். 12 வோல்ட்டால் பிரித்தால் 6 ஆம்ப். அடாப்டரை முழுச் சுமையில் மணிக்கணக்கா ஓட விட்டால் அது சூடாகும். அதால 80 சதவீதத்துக்கு மேல ஏத்தாதீங்கோ: 6 ஆம்புக்கு 8 ஆம்ப் அடாப்டர் வாங்குங்கோ. வோல்ட் மட்டும் கட்டாயம் ஒத்துப்போக வேணும். 12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 24 குடுத்தால் எரிஞ்சுபோகும்.

நீளம் கூடினால் கடைசிப் பக்கம் மங்கும், ஏனெண்டால் மெல்லிய செம்பில் வோல்ட் குறைஞ்சுகொண்டு போகுது. ஒண்டின் வாலில் அடுத்ததைக் கொழுவாமல், ஒவ்வொரு ஸ்ட்ரிப்புக்கும் அடாப்டரில் இருந்து தனி வயர் இழுங்கோ.

கடைசியா, பாதுகாப்பு

ஒன்டாரியோவில் விற்கிற மின்சாதனங்களில் அங்கீகார முத்திரை இருக்க வேணும். அடாப்டரில் சி.எஸ்.ஏ அல்லது சி.யு.எல் முத்திரையைத் தேடுங்கோ. ஸ்ட்ரிப்பை முகத்துக்கு நேரே வைக்காமல், சுவரைப் பார்த்து மேல மாட்டுங்கோ. 365 கண்ணுக்கு மங்கலாத் தெரியும். கூசாததால சின்னப்பிள்ளையள் உத்துப் பார்த்துக்கொண்டே இருப்பினம். கிருமி கொல்லுற 'யூவி-சி' லைட் அலங்காரத்துக்கு வேண்டவே வேண்டாம். அது கண்ணையும் தோலையும் சுடும்.

வீட்டுப்பாடம்: அம்மாட்ட கொஞ்சம் மஞ்சள் தூள் வாங்கி, ரப்பிங் ஆல்கஹாலில் கரைச்சு, 395 லைட்டில பிடியுங்கோ. பச்சை கலந்த மஞ்சளா மின்னும். அடுத்த எபிசோட்டில ஏனெண்டு கதைப்பம்.