ஜப்பானிய ஊறுகாயின் பெயர் அறிவோம்



கொள்முதலுக்காக ஜப்பான் செல்வோரும், இங்கேயே ஜப்பானிய வியாபாரிகளுடன் உணவருந்த அமர்வோரும் நம்மில் உண்டு. இறைச்சி வந்தால் விசாரிக்கிறோம். சிறு தட்டில் வரும் ஊறுகாயை மட்டும், 'காய்கறிதானே' என்று கேளாமல் உண்டுவிடுகிறோம். ஆனால் அவற்றுள் சில, மதுவின் சக்கையில் ஊறியவை. எனவே பெயரை அறிதல் அவசியம்.

ஊறுகாய்க்கு அவர்கள் இட்ட பொதுப்பெயர் 'த்ஸுக்கெமோனோ'. ஊற வைத்த பொருள் என்பது கருத்து. உணவுப் பட்டியலில் 'ஓஷின்கோ' என்றிருந்தாலும் ஊறுகாய்தான். தனித்தனி வகைகளின் பெயர் பெரும்பாலும் 'ஸுக்கெ' என்று முடியும். அதற்கு முன் நிற்கும் சொல், எதில் ஊறியது என்பதைப் பல சமயம் சொல்லிவிடும்.

1. ஷியோஸுக்கெ: உப்பில் ஊறியது.

2. நுக்காஸுக்கெ: உப்பிட்ட அரிசித் தவிட்டில் புதைத்துப் புளிக்க வைத்தது.

3. மிஸோஸுக்கெ: புளிக்க வைத்த சோயா விழுதில் ஊறியது.

4. ஷோயுஸுக்கெ: சோயா கிச்சாப்பில் ஊறியது.

5. கஸுஸுக்கெ: இதுவே கவனிக்க வேண்டியது. அரிசியிலிருந்து 'ஸாக்கே' என்னும் மதுவைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையே கஸு. அதில் நூற்றுக்கு ஏறக்குறைய 8 பங்கு மது தங்கியிருக்கும். பரிமாறுமுன் சக்கையைத் துடைத்துவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. மீனையும் இவ்வாறே ஊற வைத்துச் சுடுவர். ஆகையால் மீன் வரிசையிலும் இப்பெயரைத் தேடுங்கள்.

எல்லாப் பெயரும் இப்படி வெளிப்படையாய் இரா. 'நாராஸுக்கெ' என்பதில் நாரா, 8-ம் நூற்றாண்டில் தலைநகராயிருந்த ஓர் ஊர். வெள்ளரி இனக் காயை மதுச்சக்கையில் பலமுறை மாற்றி மாற்றி ஊற வைப்பது அது, பழுப்பு நிறமாயிருக்கும். 'வஸாபிஸுக்கெ' வஸாபியில் ஊறியதன்று. வஸாபியை நறுக்கி அதே சக்கையில் பிசைந்தது. கஸு, நாரா, வஸாபி ஆகிய இம்மூன்றையும் மனனம் செய்துகொள்க.

'ஸுக்கெ' என்று முடியாதவையும் உண்டு. 'உமெபோஷி' உப்பிட்டு வெயிலில் உலர்த்திய புளிப்புப் பழம். 'காரி' சுஷியுடன் வரும் இஞ்சி. இனிப்பிட்ட காடியில் ஊறியது. 'தக்குவான்' மஞ்சள் நிற முள்ளங்கி. காயவைத்துத் தவிட்டில் இட்டது. ஜப்பானியர் கறிச்சோற்றுடன் வைக்கும் சிவந்த நறுக்கு 'ஃபுக்குஜின்ஸுக்கெ'; கிச்சாப்பும் சர்க்கரையும் சேர்ந்தது.

இன்னொன்று: தொழிற்சாலை ஊறுகாய்களில், பெயர் எதுவாயினும், 'மிரின்' என்னும் இனிப்பு மது சுவைக்காகச் சேர்க்கப்படுவதுண்டு. அசல் மிரினில் நூற்றுக்குச் சுமார் 14 பங்கு மது. பெயரைக் கொண்டு இதை அறிய முடியாது. கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும். "ஸாக்கே ஹாய்த்தே இமாஸ் கா?" என்றால், 'மது சேர்ந்திருக்கிறதா?' என்று பொருள். ஸாக்கேக்குப் பதில் மிரின் என்று சொல்லியும் கேட்கலாம். 'ஹாய்' என்றால் ஆம். 'ஈயே' என்றால் இல்லை.

மார்க்கச் சட்ட விளக்கம் வேண்டுவோர் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. மூட்டை வாங்குமுன் அதன் மார்க்கைப் படித்துப் பார்க்கும் நமக்கு, வாயில் இடுமுன் ஒரு பெயரைப் படிப்பது பெரிய காரியமன்று.