கிளட்ச் குலுங்கினால் பிளேட்டை மட்டும் சந்தேகிக்கலாமா?

கிளட்ச் பற்றி பத்து மதிப்பெண் கேள்வி வந்தால் நாமெல்லாம் படம் போட்டு, பாகங்களைக் குறித்துவிட்டு வந்துவிடுவோம். நானும் அப்படித்தான். மரக்காணம் உப்பளத்தில் ஓடும் என் சித்தப்பாவின் பழைய பிக்கப் வண்டி, விடுமுறையில் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டது.

ஜீப் முகப்பு வைத்த வண்டி. உப்பு மூட்டை ஏற்றி, முதல் கியரில் கிளட்சை விட்டால் வண்டியே உதறும். ரிவர்ஸில் இன்னும் மோசம். ஓட ஆரம்பித்துவிட்டால் ஒன்றும் இல்லை. "புது பிளேட்டு போட்ட மறுநாளே இப்படித்தான். மறுபடியும் மாத்தணும்கிறாங்க. மழை புடிச்சா அளத்துல வேலை கிடையாது, அதுக்குள்ள வட்டி கட்டியாகணும்டா" என்றார் சித்தப்பா.

அதிர்வு எப்போது வருகிறது என்பதுதான் முதல் கேள்வி. பெடலை மிதித்ததும் கீச்சென்று கத்தினால் ரிலீஸ் பேரிங். நியூட்ரலில் நிற்கும்போதே இன்ஜின் வேகத்தோடு கூடினால் ஃப்ளைவீல், பிரஷர் பிளேட் பேலன்ஸைப் பார்க்கலாம். வண்டி வேகத்தோடு கூடினால் புரொப்பல்லர் ஷாப்ட், கிராஸ். கிளட்ச் பிடிக்கும் நொடியில் மட்டும் வந்தால் லைனிங்கில் ஆயில், சூடேறி வளைந்த ஃப்ளைவீல், துருப்பிடித்த ஸ்ப்லைன், தளர்ந்த இன்ஜின் மவுண்டிங், இவற்றில் ஒன்று.

நான் ஆயில்தான் என்று அடித்துச் சொன்னேன். கியர்பாக்ஸை இறக்கினோம். ஒரு நாள் வாடகை போனது. லைனிங் காய்ந்து சுத்தமாக இருந்தது! 'மறுநாளே இப்படித்தான்' என்று அவர் சொன்னதை நான் காதில் வாங்கவே இல்லை.

மறுபடி பூட்டி, சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்தோம். சித்தப்பா முதல் கியரில் கிளட்சை மெல்லப் பாதி விட்டார். நான் பக்கவாட்டில் நின்றேன் (முன்னால் நிற்கவே கூடாது). இன்ஜினின் ஒரு பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது. நிறுத்திவிட்டுக் கடப்பாரையால் நெம்பினால், மவுண்டிங் ரப்பர் தகட்டை விட்டுத் தனியே வந்தது. அதைத் தாங்கும் பிராக்கெட் அப்பளம்போல நொறுங்கியது.

பெடலும் அதன் இணைப்பும் சேசிஸில். கிளட்ச் ஃபோர்க் இன்ஜினோடு சேர்ந்த பெல் ஹவுசிங்கில். இன்ஜின் நகர்ந்தால், நம் கால் அசையாமலே ராடு இழுபட்டு கிளட்ச் விடும். இன்ஜின் திரும்பி விழும், மறுபடி பிடிக்கும். அதுதான் அந்த உதறல். இன்ஜின் முன்னே நகராமல் இருக்க, இரண்டாம் உலகப்போர் கால வில்லிஸ் ஜீப்பிலேயே ஓர் எஃகுக் கயிறு கட்டியிருந்தார்கள். எங்கள் வண்டியில் அதன் துருப்பிடித்த கொக்கி மட்டும் மிச்சம்.

காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதம் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடற்கரை இரவில் அது சாதாரணம். மூட்டையிலிருந்து சொட்டிய உப்புநீர் போதாதென்று, சேசிஸ் மடிப்பில் தங்கிய உப்பும் ராத்திரியெல்லாம் இரும்பைத் தின்றிருக்கிறது.

புது பிராக்கெட் வெல்டிங் செய்து, இரண்டு பக்கமும் ரப்பர் மாற்றி, கயிறும் கட்டினோம். பெடல் ஃப்ரீ பிளே சுமார் 1 அங்குலம் வைத்தோம். பிளேட்டைத் தொடவில்லை. மறுநாள் முழு லோடோடு வண்டி மேடேறியது, ஒரு குலுக்கல் இல்லை.

சித்தப்பா இப்போது வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் அடிப்பகுதியைக் கழுவுகிறார். "கியர்பாக்ஸ் இறக்குன அன்னிக்குப் போன வாடகைய எந்தக் கணக்குலடா எழுதறது?" என்று இன்னமும் கேட்கிறார்.