விஜயலட்சுமி பண்டிட் அம்மையார்

ஒரு நாட்டின் சார்பில் அயல்நாடு சென்று பேசும் பணியைத் தூது என்பர். திருவள்ளுவர் அதற்குத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். நெடுங்காலம் ஆடவர்க்கே உரியதெனக் கருதப்பட்ட அப்பணியில் உலகம் வியக்க விளங்கியவர் விஜயலட்சுமி பண்டிட் அம்மையார்.

இவர் 1900ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 18ஆம் நாள் அலகாபாத்தில் பிறந்தார். தந்தையார் மோதிலால் நேரு. தமையனார் ஜவஹர்லால் நேரு. 1921இல் இரஞ்சித் சீதாராம் பண்டிட் என்பாரை மணந்தார். செல்வத்தில் வளர்ந்தவராயினும் விடுதலைப் போரில் ஈடுபட்டு மும்முறை சிறை புகுந்தார். 1937இல் ஐக்கிய மாகாணத்தில் உள்ளாட்சி, பொதுச் சுகாதார அமைச்சரானார்.

1944இல் கணவர் மறைந்தார். மூன்று பெண்மக்களே இருந்தனர், ஆண்மகவு இல்லை. கணவரின் சொத்தைப் பெறுவதில் அக்காலச் சட்டம் இக்கைம்பெண்ணுக்குத் துணை நிற்கவில்லை. எனினும் அம்மையார் துயரில் மூழ்கிவிடாது பொதுப்பணியைத் தொடர்ந்தார்.

தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியர், இனத்தின் பெயரால் நிலம் வாங்கவும் விரும்பிய இடத்தில் குடியிருக்கவும் தடுக்கப்பட்டனர். அவருள் தமிழரும் பலர். 1946இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் இந்தியத் தூதுக்குழுவின் தலைவராக அம்மையார் இவ்வழக்கை எடுத்துரைத்தார். இஃது எம் உள்நாட்டுச் செய்தி, பிறர் தலையிடலாகாது என்று தென்னாப்பிரிக்கப் பிரதமர் ஸ்மட்ஸ் மறுத்தார். மனிதனை மனிதன் இழிவுபடுத்துவது உலகிற்கே பொதுவான வழக்கு என்பது அம்மையாரின் வாதம். முடிவில் 32 நாடுகள் ஆதரித்தன. 15 நாடுகள் எதிர்த்தன. இந்தியா வென்றது. வென்ற அம்மையார் ஸ்மட்ஸிடம் நேரே சென்று, தம் சொல் புண்படுத்தியிருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டினார். காந்தியடிகள் காட்டிய நெறி அதுவன்றோ?

விடுதலைக்குப்பின் சோவியத்து நாடு, அமெரிக்கா, பிரிட்டன் ஆகியவற்றில் இந்தியாவின் தூதராக வீற்றிருந்தார். 1953இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பதவியை அடைந்த முதற்பெண்மணி இவரே. 1962இல் மகாராட்டிர ஆளுநரானார். 1964இல் நாடாளுமன்றம் புகுந்தார்.

1975இல் இவருடைய தமையன் மகளாகிய பிரதமர் இந்திரா காந்தியின் ஆட்சியில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மக்கள் உரிமை பறிக்கப்பட்டதைக் கண்ட அம்மையார், உறவு கருதி வாளாவிருந்தாரில்லை. 1977ஆம் ஆண்டுத் தேர்தலில், முதுமையையும் பொருட்படுத்தாது, அவ்வாட்சிக்கு எதிராக ஊர்தோறும் பேசினார். 1990ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் இயற்கை எய்தினார்.

அயலார் செய்யும் அநீதியைக் கண்டிப்பது எளிது. தம்மவர் செய்யும் பிழையைக் கண்டிப்பது அரிது. இரண்டையும் ஒரே துலாக்கோலில் நிறுத்தமையே அம்மையாரின் பெருமை. மாணவர்களே, பதவிகள் வரும், போகும். நடுவுநிலைமையே நிலைத்த புகழ் தரும் என்பதை இவர் வாழ்வால் உணர்வோமாக.