வருமுன் கேட்கும் கதைகள்

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், ஈப்போவிலிருந்து கோலாலம்பூருக்குச் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர் சுங்காய். அங்குப் பல வீட்டுக் கூரைகளில் ஆஸ்ட்ரோ தட்டுகளைக் காணலாம். அவை யாவும் வானத்தில் ஒரே திசையை நோக்கிச் சாய்ந்திருக்கும். பூமத்திய ரேகைக்கு மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள துணைக்கோளத்திலிருந்து அவை ஒளிபரப்பைப் பெறுகின்றன. மலேசியாவின் முதல் தொலைத்தொடர்புத் துணைக்கோளமான மீசாட் 1, 1996ஆம் ஆண்டில் ஏவப்பட்டது. ஆனால், அந்த உயரத்தில் துணைக்கோளங்களை நிறுத்தினால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945ஆம் ஆண்டிலேயே ஒருவர் கட்டுரை எழுதிவிட்டார். அவர்தாம் ஆர்தர் சி. கிளார்க். பின்னாளில் இலங்கையில் குடியேறி, 2008இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர்.

இத்தகைய செய்திகளைக் கேட்போர், நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்வதுதான் அறிவியல் புனைகதையின் சிறப்பு என்று எண்ணக்கூடும். அந்த எண்ணம் முழுமையானதன்று. துணைக்கோளத்தில் மனிதர்கள் தங்கிக் கருவிகளைப் பழுது பார்ப்பார்கள் என்று கிளார்க் கருதினார், அது நடக்கவில்லை. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1865இல் எழுதிய நாவலில் மூவர் அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து நிலவை நோக்கிப் புறப்படுகின்றனர். 1969இல் அப்போலோ 11 விண்கலத்தில் சென்ற மூவரும் அதே மாநிலத்திலிருந்துதான் புறப்பட்டனர். ஆயினும், வெர்னின் கதையில் அவர்களை ஏற்றிச் செல்வது பெரிய பீரங்கியிலிருந்து சுடப்படும் குண்டு. உண்மையில் அப்படிச் சுட்டிருந்தால் ஒருவரும் உயிர் பிழைத்திருக்க முடியாது. கணிப்புக்கு மட்டும் மதிப்பெண் வழங்கினால், இவ்விருவருக்கும் பாதி மதிப்பெண்தான் கிடைக்கும். இருந்தும் இவர்களின் நூல்கள் இன்றளவும் வாசிக்கப்படுகின்றன. ஏன்?

நல்ல அறிவியல் புனைகதை, உலகில் ஒரே ஒரு மாற்றத்தை முதலில் கற்பனை செய்கிறது. பிறகு, "அப்படியானால் மனிதருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டு, விடையைத் தேடி இறுதிவரை செல்கிறது. மேரி ஷெல்லி என்னும் ஆங்கிலேயப் பெண் தம் பதினெட்டாம் வயதில் ஒரு கதையை எழுதத் தொடங்கினார். அது 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' என்ற நாவலாக வெளிவந்தது. அதில் ஓர் இளைஞன் உயிரற்ற உடலுக்கு உயிரூட்டுகிறான். பின்னர் அதன் தோற்றத்தைக் கண்டு அஞ்சி அதைக் கைவிடுகிறான். ஒன்றை உருவாக்குபவனுக்கு அதன்மீது என்ன பொறுப்பு உண்டு என்பதே அக்கதை எழுப்பும் கேள்வி. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுவோரும் அதே கேள்வியைத்தான் கேட்கின்றனர்.

'ரோபோ' என்ற சொல்லும் ஒரு கதையிலிருந்து பிறந்ததே. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக் 1920இல் எழுதிய நாடகம் ஒன்றில் அச்சொல் முதன்முதலாக இடம்பெற்றது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு என்று பொருள். மனிதருக்குப் பதிலாக உழைப்பதற்கென்றே செய்யப்பட்ட செயற்கை மனிதர்கள், ஒருநாள் தம் எசமானரை எதிர்த்து எழுவதே அந்நாடகத்தின் கதை. வெளிப்பார்வைக்கு அது இயந்திரத்தைப் பற்றிய கதை. உள்ளே அது உழைப்பையும் மதிப்பையும் பற்றிய கதை.

தமிழில் இவ்வகை எழுத்தைப் பெருந்திரளான வாசகரிடம் கொண்டுசேர்த்தவர் சுஜாதா. ரங்கராஜன் என்னும் இயற்பெயர் கொண்ட இவர் ஒரு பொறியாளர். இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்காற்றியவர். 1980களில் 'ஆனந்த விகடன்' இதழில் இவர் எழுதிய தொடர்கதை 'என் இனிய இயந்திரா'. ஜீவா என்ற ஆட்சியாளரின் பிடியில் இருக்கும் எதிர்கால இந்தியாவை அது காட்டுகிறது. அங்கே குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். அச்சமூகத்தில் நிலா என்னும் பெண்ணுக்குத் துணை நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். வாசிக்கவும் சிந்திக்கவும் தெரிந்த அந்த நாயைத் தமிழ் வாசகர்கள் ஓர் உறவைப் போலவே நினைவில் வைத்துள்ளனர். மனிதர் இயந்திரம்போல் ஆக்கப்படும் நாட்டில், ஓர் இயந்திரம் மனிதரைப்போல் நடந்துகொள்கிறது. அந்த முரண்தான் கதையின் உயிர்.

சுங்காய் வட்டாரத்து மக்களுக்கு இக்கதைகள் கூடுதலாக ஒன்றை உணர்த்தும். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒரு சில கன்றுகளிலிருந்து பேராக்கில் ரப்பர் பயிர் வேரூன்றியது. பின்னர்த் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் சீவப் புறப்பட்ட தலைமுறைகள் அங்கே வாழ்ந்தன. 1960களிலிருந்து பல தோட்டங்களில் பால்மரங்களின் இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை பேர் தேவைப்படவில்லை. காலப்போக்கில் பல குடும்பங்கள் தோட்ட வீடுகளை விட்டு வெளியேறின. பயிர் மாறியபோது விளைச்சலும் விலையும் கணக்கிடப்பட்டன. "அப்படியானால் இந்த மனிதருக்கு என்ன ஆகும்?" என்ற கேள்வியை முன்கூட்டியே கேட்டவர்கள் மிகக் குறைவு.

இன்று செம்பனைத் தோட்டங்களில் மருந்து தெளிக்க டிரோன்கள் பறக்கின்றன. குலைகளை வெட்டி இறக்குவது மட்டும் பெரும்பாலும் இன்னமும் மனிதர் கையில்தான் உள்ளது. அதையும் செய்யும் இயந்திரம் ஒருநாள் சுங்காய்க்கு வந்துவிட்டதாக ஒரு கதையைக் கற்பனை செய்யலாம். அன்று காலை அரிவாளோடு புறப்பட்டவர் என்ன செய்வார்? பால்மரக் காலத்தை அறிந்த பாட்டி, அந்த இயந்திரத்தைப் பார்த்துத் தம் பேரப்பிள்ளையிடம் என்ன சொல்வார்? மிச்சமாகும் நேரமும் பணமும் யாருக்குச் சேரும்? இவ்வளவும் ஒரு சிறுகதைக்குள் அடங்கக்கூடியவை.

வருமுன் காப்பதற்கு வருமுன் கேட்டாக வேண்டும். அறிவியல் புனைகதை அந்தப் பழக்கத்தைத் தருகிறது. கதையில் வரும் கருவிகள் பழசாகிப் போகலாம்; கேட்ட கேள்வி பழசாவதில்லை. மேரி ஷெல்லி எழுதத் தொடங்கியபோது அவருக்கு ஏறக்குறைய இன்றைய படிவம் ஆறு மாணவரின் வயதுதான். சுங்காயின் எதிர்காலத்தைப் பற்றிய கேள்வியைத் தமிழில் கேட்கவும் அந்த வயது போதும்.