கடைக்கு இணைய முகவரி: காதுக்குச் சோதனை வையுங்கள்

முகவரிக்குப் பணம் கட்டும் முன், அதை யாரிடமாவது போனில் ஒருமுறை சொல்லி எழுதச் சொல்லுங்கள். காதில் விழுந்ததைத்தான் வாடிக்கையாளரும் தட்டுவார். 'வாழை' என்றால் ழகரத்துக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார். முதல் நெடிலுக்கு ஒரு ஏ-யா, இரண்டா என்பது வேறு. கூகுளில் தேடினால் கிடைத்துவிடாதா என்பீர்கள். கடை கிடைக்கலாம், ஆனால் அதே பெயரில் உள்ள மின்னஞ்சல் முகவரியில் ஓர் எழுத்து பிசகினாலும் ஆர்டர் உங்களுக்கு வந்து சேராது. பெயரை மாற்ற மனமில்லையா, புழக்கத்தில் உள்ள இரண்டு எழுத்துக்கூட்டலையும் வாங்கி, ஒன்றை மற்றதற்குத் திருப்பிவிடுங்கள். நடுவில் கோடும் எண்ணும் வேண்டாம். '4' என்றால் எண்ணா, எழுத்தா என்று கேட்பார்கள்.

பதிவு மட்டும் கண்டிப்பாக உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும், தளம் வடிவமைப்பவர் பெயரில் வேண்டாம்: புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் பதிவில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் வரும்.