வெள்ளை எலிக்கு ஏற்ற உணவு

நாம் கூட்டில் வளர்க்கும் வெள்ளை எலி தன் இரையைத் தானே தேடும் உரிமையை இழந்தது. ஆதலின் அதன் நலமும் நோயும் நாம் இடும் உணவிலேயே அடங்கியுள்ளன. வயிறு நிரம்பினாற் போதாதோ என்பார்க்குக் குன்னூரிலே விடை கிடைத்தது. அங்கு ராபர்ட் மக்காரிஸன் 1920-களில் இந்நாட்டுப் பல பகுதி மக்களின் உணவுகளை எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்துச் சோதித்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பசுங்காய்கறி மிகுந்த சீக்கியர் உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசி மிகுந்த சென்னை உணவை உண்டவையோ 155 கிராமே பெற்றன. ஆகவே, தவிடு நீங்காத தானியம், வெந்த பருப்பு, காய்கறி, தூய நீர் ஆகியவற்றை நாள்தோறும் எலிக்கு இடுவோமாக. இனிப்பையும் கொழுப்பையும் குறைப்போமாக. அவ்வாறு இடுங்கால், நம் கலத்திலுள்ள வெண்சோற்றையும் சற்றே நோக்குதல் நன்றன்றோ?